காணாமல் போன கைப்பிடி

மகன் புது மின்சாரக் கார் வாங்கியிருக்கிறான். போன மாதம் அதில் குடும்பத்தோடு கோயிலுக்குப் போனோம். பின் சீட்டில் நானும் பேத்தியும். இறங்கும்போது கதவில் கைப்பிடியைத் தேடினேன், இல்லை. "அந்த பட்டனை அழுத்துங்க தாத்தா" என்றாள் பேத்தி. அழுத்தினேன், திறந்தது. "கரண்ட் இல்லேன்னா என்னப்பா பண்றது?" என்று மகனைக் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.

நம் அம்பாசிடர் காலத்தில் இந்தக் கேள்வியே எழாது. கைப்பிடியை இழுத்தால் பூட்டு விலகும். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கலாம். பேட்டரி செத்தாலும் ஆள் வெளியே வரலாம்.

2012-ல் அமெரிக்காவில் டெஸ்லா மாடல் எஸ் வந்தது. அதன் வெளிக் கைப்பிடிகள் கதவோடு கதவாகப் பதிந்திருக்கும், தேவைப்படும்போது நீளும். காற்றுத் தடை குறையும், பார்க்கவும் அழகு. மற்ற கம்பெனிகளும் அதே வழியில் போயின. உள்ளேயும் பல கார்களில் கைப்பிடி போய் பட்டன் வந்தது.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. வண்டியை ஓட்டுவது பல நூறு வோல்ட் பேட்டரி. கதவைத் திறப்பதோ பெரும்பாலும் வேறொரு சின்ன 12 வோல்ட் பேட்டரி. மோதலில் அந்த இணைப்பு அறுந்தால் பட்டன் வேலை செய்யாது. அவசரத்துக்குக் கையால் இழுக்கும் லீவர் உண்டுதான். ஆனால் சில வண்டிகளில் பின் கதவில் அது விரிப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். 2017-ல் வந்த மாடல் 3-ன் ஆரம்ப வண்டிகளில் பின் கதவுக்கு அது இல்லவே இல்லை.

2025 அக்டோபரில் சீனாவின் செங்டு நகரில் ஒரு மின்சாரக் கார் மோதித் தீப்பிடித்தது. ஓடி வந்தவர்கள் கதவை இழுத்தும் கண்ணாடியைக் குத்தியும் பார்த்தார்கள். திறக்கவில்லை. ஓட்டியவர் இறந்துபோனார்.

அடுத்த ஆண்டே சீன அரசு விதி போட்டது. 2027 ஜனவரி 1 முதல் அங்கே வரும் புது மாடல்களின் கதவுகளை, மின்சாரம் இல்லாவிட்டாலும், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கையால் திறக்க முடிய வேண்டும். பழைய கைப்பிடிக்கே திரும்பி வந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகனும் நானும் கையேட்டைப் புரட்டி அந்த லீவரைக் கண்டுபிடித்தோம். பேத்தியை இரண்டு முறை இழுக்கச் சொல்லிப் பழக்கினேன். பின் சீட்டில் உட்காருவது பெரும்பாலும் நம்மைப் போன்ற கிழடுகளும் குழந்தைகளும்தானே. உங்கள் வீட்டு வண்டியிலும் இன்றைக்கே தேடிப் பாருங்கள்.