ஒரு ஃப்ரேம் வந்த வழி

கம்ப்யூட்டர் கேம்களின் செட்டிங்ஸில் ‘டிஸ்பிளே மோட்’ என்று ஒரு வரி இருக்கும். முழுத்திரை, விண்டோ, ஓரமில்லா விண்டோ. பலர் அதைத் தொடுவதே இல்லை. தொடுகிறவர்களோ எது வேகம், எது தாமதம் என்று விடிய விடியச் சண்டை போடுகிறார்கள். கிராஃபிக்ஸ் கார்டு வரைந்து முடித்த ஒரு ஃப்ரேம் எந்த வழியாக மானிட்டருக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் அந்தச் சண்டையின் வேர்.

டாஸ் இயங்குதளக் காலத்தில் வழி என்றே ஒன்று இல்லை. ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த விஜிஏ என்ற கிராஃபிக்ஸ் அமைப்பில் 320-க்கு 200 புள்ளிகள், 256 நிறங்கள் கொண்ட ஒரு மோட் உண்டு. முழுப் படமும் 64,000 பைட்தான். மெமரியில் குறிப்பிட்ட இடத்தில் ஓர் எண்ணை எழுதினால், திரையில் அதற்குரிய புள்ளி நிறம் மாறிவிடும். நடுவில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். 1993 டிசம்பரில் வந்த ‘டூம்’ கேம் ஓடும்போது திரைக்கு அதுதான் ராஜா. முழுத்திரை என்று தனியாகச் சொல்லவேண்டிய அவசியமே அப்போது இல்லை.

விண்டோஸிலோ திரை பொதுச்சொத்து. விண்டோஸ் வழியாக வரைவது கேம்களுக்குப் போதவில்லை, மிக மெதுவாக இருந்தது. கேம் தயாரித்தவர்கள் டாஸை விட்டு நகர மறுத்தார்கள். அவர்களை இழுக்கத்தான் 1995-இல் மைக்ரோசாஃப்ட் டைரக்ட்எக்ஸைக் கொண்டுவந்தது. பில் கேட்ஸே டூம் காட்சிக்குள் துப்பாக்கியோடு தோன்றி விண்டோஸ் 95-க்கு விளம்பரம் செய்தார். டைரக்ட்எக்ஸின் ‘டைரக்ட்டிரா’ பகுதியில் ஒரு சலுகை இருந்தது. கல்யாண மண்டபத்தை மொத்தமாகப் பிடிப்பதுபோல, திரை முழுவதையும் ஒரு கேம் தன் பெயரில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ‘பிரத்தியேக முழுத்திரை’ பிறந்தது அப்படித்தான்.

அதில் என்ன லாபம்? கேம் இரண்டு பலகைகளை வைத்துக்கொள்ளும். ஒன்று திரையில் தெரியும். மற்றதில் அடுத்த ஃப்ரேம் தயாராகும். தயாரானதும் கார்டு தான் படிக்கும் முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளும். ஒரு பைட்கூட இடம்பெயராது. விண்டோவுக்குள் ஆடினாலோ ஒவ்வொரு ஃப்ரேமையும் டெஸ்க்டாப்பின் மீது நகலெடுக்க வேண்டும். 1920-க்கு 1080 திரையில் ஒரு ஃப்ரேம் சுமார் 83 லட்சம் பைட். நொடிக்கு 144 ஃப்ரேம் என்றால் 119 கோடி பைட்டுக்கு மேல். ‘முழுத்திரைதான் வேகம்’ என்ற நம்பிக்கை இந்தக் கணக்கிலிருந்து வந்தது.

சலுகைக்கு விலையும் இருந்தது. ஆட்டத்தின் நடுவே ஆல்ட்-டேப் அடித்தால் திரை கறுத்துவிடும். பழைய குண்டு மானிட்டர் ‘டக்’கென்று சத்தம் போட்டு ரெசல்யூஷன் மாற்றும். சில சமயம் டெஸ்க்டாப் ஐகான்கள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். கேமுக்குள் திரும்பினால் அடுத்த தலைவலி. கார்டின் மெமரியில் அது வைத்திருந்தவற்றில் பல பறிபோயிருக்கும். டைரக்ட்எக்ஸ் 9 வரை அவற்றை மறுபடி உருவாக்குவது கேமின் பொறுப்பு. எழுதியவர் சோம்பேறியாக இருந்தால் கேம் அங்கேயே படுத்துவிடும்.

2007-இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, வழியில் ஒரு தரகரை உட்காரவைத்தது. எல்லா விண்டோக்களின் படங்களையும் வாங்கி, ஒன்றாகக் கோத்து மானிட்டருக்கு அனுப்பும் நிரல் அது. விண்டோவில் ஓடிய கேம்களில் படம் குறுக்கே கிழிவது நின்றது. ஆனால் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு சுற்று 16.7 மில்லிசெகண்ட், அந்தச் சுற்றுக்காக ஃப்ரேம் காத்திருக்க வேண்டியதாயிற்று. துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு அது உயிர்போகிற நேரம். விண்டோஸ் 8-இல் தரகரை அணைக்கவும் வழியில்லாமல் போனது. இதற்கிடையே எல்சிடி திரைகள் வந்ததால் ரெசல்யூஷன் மாற்றும் பழக்கமும் தேய்ந்தது. இரண்டாவது மானிட்டரில் அரட்டையும் யூடியூபும் திறந்து வைத்திருந்தவர்கள், தாமதத்தைப் பொறுத்துக்கொண்டே திரை முழுக்கப் பரவிய ஓரமில்லா விண்டோவுக்குக் குடிபோனார்கள்.

அதே விண்டோஸ் 8-தான் தீர்வுக்கும் விதை போட்டது. விண்டோஸ் 10-இல் அது விளைந்தது. நகலெடுக்காமல் பலகை மாற்றும் பழைய வித்தை விண்டோக்களுக்கும் கிடைத்தது. கேமின் விண்டோ திரையை முழுக்க மூடி, மேலே வேறெதுவும் இல்லாவிட்டால் தரகர் விலகிக்கொள்வார்; கேமின் பலகையையே மானிட்டர் நேராகப் படிக்கும். வால்யூமைக் கூட்டினால் ஒரு சின்னப் பட்டை மேலே வருகிறதல்லவா, அந்த நேரத்துக்கு மட்டும் தரகர் திரும்பி வந்து கோத்துக் கொடுத்துவிட்டு மறுபடி ஒதுங்குவார். புதிய கார்டுகள் பலவற்றில் அதற்குக்கூட அவர் தேவையில்லை.

பிரத்தியேக முழுத்திரை கேட்கும் பழைய கேம்கள் பலவற்றுக்கும் விண்டோஸ் இப்போது சத்தமில்லாமல் இந்த வழியையே கொடுக்கிறது. டைரக்ட்எக்ஸ் 12-இல் அந்தப் பழைய சலுகையே கிடையாது. மெனுவில் அந்தப் பெயர் இருந்தாலும் அது வெறும் பெயர்தான்.

எனவே புதிய கேமா, ஓரமில்லா விண்டோவைத் தயங்காமல் வையுங்கள். டைரக்ட்எக்ஸ் 9 காலத்துக் கேம் என்றால் பிரத்தியேக முழுத்திரைக்கு இன்னும் மதிப்பு உண்டு. இடைப்பட்ட டைரக்ட்எக்ஸ் 10, 11 கேம்களுக்கு, விண்டோஸ் 11-இன் டிஸ்பிளே செட்டிங்ஸில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், விண்டோ கேம்களுக்கான ஆப்டிமைசேஷன் பொத்தான் ஆனில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.