ஒரு குளிர்காலம் வைத்த பெயர்

நாம் இங்கே குடிவந்த முதல் வருட மழையில் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். இரண்டே நாள்தான். மோட்டார் வைத்து இறைத்தோம், மறு வருடமே வடிகாலையும் சரிசெய்தோம். ஆனாலும் தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டில் இன்றைக்கும் நம் குடியிருப்புக்கு "தண்ணி பிளாட்" என்றுதான் பெயர். பெரிய செலவில் வாசலில் மாட்டிய பெயர்ப் பலகையை யார் பார்க்கிறார்கள்?

நாம் இரண்டு நாள் மழைக்கே இவ்வளவு வருத்தப்படுகிறோம். ஒரே ஒரு மோசமான குளிர்காலத்தில் ஒருவர் கோபத்தோடு வைத்த பெயரை ஒரு நாடே சுமார் 1,150 வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறது. நாடு ஐஸ்லாந்து. பெயர் வைத்தவர் ஃப்ளோகி என்ற நார்வே நாட்டுக் கடலோடி. 'வைகிங்ஸ்' தொடர் பார்த்த பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். அதில் வரும் படகு கட்டும் ஃப்ளோகி பெரும்பாலும் கற்பனை. நான் சொல்வது 'லாண்ட்நாமபோக்' என்ற ஐஸ்லாந்தின் பழைய குடியேற்றப் புத்தகத்தில் உள்ளவரை. இன்று கிடைக்கும் அதன் பிரதிகள் 13-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் எழுதப்பட்டவை. சம்பவம் நடந்ததோ 860-களில். எனவே ஆடிட் முடிந்த கணக்கு என்று சொல்ல மாட்டேன்.

ஃப்ளோகிக்கு முன்பே இரண்டு பேர் அந்தத் தீவுக்குப் போயிருந்தார்கள். நத்தோட் என்பவர் கிளம்பும் சமயத்தில் பனி பெய்ததால் 'பனி நாடு' என்றார். கார்தார் என்பவர் கப்பலில் சுற்றிவந்து, அது ஒரு தீவு என்று கண்டு, தன் பெயரையே அதற்கு வைத்தார். இரண்டு பெயரும் நிலைக்கவில்லை.

மூன்றாவதாகக் கிளம்பிய ஃப்ளோகி, குடும்பம், ஆடு மாடு எல்லாவற்றோடும் புறப்பட்டார். குடியேறத்தான் போனார். வழியில் ஷெட்லாந்து தீவில் அவருடைய மகள் கெய்ர்ஹில்ட் ஓர் ஏரியில் மூழ்கி இறந்துபோனாள். அந்த ஏரிக்கு அவள் பெயரே வந்தது என்று ஒரு வரியோடு புத்தகம் நகர்ந்துவிடுகிறது. எனக்கு அப்படி நகர முடியவில்லை. அடுத்து வருவதையெல்லாம் அந்தத் தகப்பனை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

திசைகாட்டும் கருவி அந்தக் கடலுக்கு வராத காலம். ஃப்ளோகி மூன்று அண்டங்காக்கைகளைக் கொண்டுபோனார். முதல் பறவையை விட்டபோது அது வந்த வழியே திரும்பிப் பறந்தது. இரண்டாவது மேலே எழும்பிச் சுற்றிவிட்டுக் கப்பலுக்கே வந்துவிட்டது. மூன்றாவது நேராக முன்னால் பறந்தது. அதன் பின்னாலேயே போய்க் கரையைக் கண்டார்கள். இந்த வித்தை நம் பக்கத்துக்குப் புதிதல்ல. இலங்கைக் கடலோடிகள் பறவைகளைக் கொண்டுபோய், பறக்கவிட்டு, அவை போகும் திசையில் கப்பலைச் செலுத்துவார்கள் என்று ரோமானிய ஆசிரியர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார்.

ஃப்ளோகி இறங்கிய இடம் ஐஸ்லாந்தின் வடமேற்கில் வாட்ன்ஸ்ஃப்யோர்துர். அங்கே கடலில் மீன் அப்படிக் கிடைத்தது. கோடை முழுவதும் எல்லோரும் மீன் பிடித்தார்களே தவிர, குளிர்காலத்துக்குப் புல் அறுத்துக் காயவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. குளிர் வந்தது, தீவனம் இல்லை, கொண்டுவந்த ஆடு மாடு அத்தனையும் செத்தன. வசந்தத்திலும் குளிர் விடவில்லை. ஃப்ளோகி ஒரு மலைமேல் ஏறி வடக்கே பார்த்தார். கடல் நிலத்துக்குள் நீண்டு வந்திருந்த ஓரிடம் முழுக்க மிதக்கும் பனிக்கட்டி. 'ஈஸ்லாந்த்' என்றார். பனிக்கட்டி நாடு என்று பொருள்.

புல் அறுக்காதது இவர்கள் தவறு, பழி நிலத்தின்மேல். ஆனால் மகளையும் மந்தையையும் இழந்த மனிதர் அந்த மலையில் நின்று நியாயமான பெயரா யோசித்திருப்பார்?

ஊருக்குத் திரும்பியதும் அந்தத் தீவு எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். ஃப்ளோகி திட்டித் தீர்த்தார். கூடப்போன ஹெர்யோல்ஃப் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு என்றார். தோரோல்ஃப் என்பவரோ அங்கே ஒவ்வொரு புல்லிலும் வெண்ணெய் சொட்டுகிறது என்று சொல்லிவிட்டார். அன்று முதல் அவர் 'வெண்ணெய் தோரோல்ஃப்'! நம் குடியிருப்பைப் பற்றி மூன்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், இதே மூன்று பதில் வரும்.

வெண்ணெய்ப் பேச்சை எத்தனை பேர் நம்பினார்களோ, சில வருடங்களில் ஜனங்கள் கப்பல் ஏறினார்கள். பெயர் மட்டும் ஃப்ளோகி வைத்ததே நின்றது. 985 வாக்கில் எரிக் என்பவர் இன்னும் மேற்கே ஒரு பனித் தீவைக் கண்டு 'பசுமை நாடு' என்று பெயரிட்டார். நல்ல பெயர் இருந்தால்தான் ஆட்கள் வருவார்கள் என்று அவரே சொன்னதாக ஐஸ்லாந்தின் பழைய வரலாறு கூறுகிறது. ஏரி இல்லாத இடத்தில் 'லேக் வியூ' விற்பவர்களுக்கு முன்னோடி. அந்த கிரீன்லாந்தில் குடியேறிய நார்வேக்காரர் ஊர்கள் 15-ஆம் நூற்றாண்டில் ஆளின்றிப் போயின. கெட்ட பெயர் வாங்கிய ஐஸ்லாந்து இன்றும் இருக்கிறது. மக்கள்தொகை 4 லட்சத்துக்கும் குறைவு. அவர்களுடைய 1 குரோனா நாணயத்தில் காட் மீன் இருக்கிறது என்பதை ஃப்ளோகியின் நினைவாகச் சொல்லி வைக்கிறேன்.

அவர் பேசிய மொழியும் அங்கே அதிகம் மாறவில்லை. பழைய கதைகளை இன்றைய ஐஸ்லாந்துக்காரர் சிறிது உதவியோடு படித்துவிடுகிறார். புதுப் பொருளுக்கும் சொந்தச் சொல்தான். டெலிபோனுக்கு 'சீமி'. நூலைக் குறித்த மறந்துபோன சொல்லைத் தூசி தட்டி எடுத்தார்கள். கம்ப்யூட்டருக்கு 'தோல்வா'. எண்ணையும் குறிசொல்லும் பெண்ணையும் குறிக்கும் இரண்டு சொற்களைச் சேர்த்தது. அதே நார்ஸ் மொழி இங்கிலாந்தில் குடியேறியவர்கள் வழியாக ஆங்கிலத்திலும் புகுந்தது. நாம் தினம் சொல்லும் எக், நைஃப் எல்லாம் அங்கிருந்து வந்தவை. விண்டோ கூட 'காற்றுக் கண்' என்பதுதான். தமிழிலும் ஜன்னலுக்குக் 'காலதர்' என்று ஒரு பழைய சொல் உண்டு: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.

வங்கியில் வாடிக்கையாளர் படிவத்தில் 'சர்நேம்' கட்டத்தோடு மல்லுக்கட்டியவன் என்பதால் இன்னொன்று. ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. நம் இனிஷியல் போல, தகப்பன் பெயரோடு மகன் அல்லது மகள் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். ஃப்ளோகியின் முழுப்பெயர் ஃப்ளோகி வில்கெர்தார்சன். வில்கெர்த் என்பது அவருடைய அம்மா.

அவ்வளவு திட்டிய மனிதர் பிறகு என்ன செய்தார் தெரியுமா? ஐஸ்லாந்துக்கே திரும்பிப் போய்க் குடியேறினார். அவர் வாழ்ந்த பள்ளத்தாக்குக்கு இன்றும் 'ஃப்ளோகாதாலுர்' என்று பெயர். மேப்பில் தேடிப் பாருங்கள். மாடெல்லாம் செத்த அந்த முதல் இடத்தைவிட அது இன்னும் வடக்கே இருக்கிறது.