நான் அழிச்ச லினக்ஸ்

தமிழ்நாடு அரசு கொடுத்த இலவச லேப்டாப் ஞாபகம் இருக்கா? 2011-ல தொடங்கின திட்டம். பன்னிரண்டாம் வகுப்புல எனக்குக் கிடைச்சதை ஆன் பண்ணா, கருப்புத் திரையில ரெண்டு பெயர் வரும்: விண்டோஸ், பாஸ் லினக்ஸ். இந்த பாஸ் யாருன்னு நான் கேட்கவே இல்லை. படம் ஏத்த இடம் பத்தலைன்னு அழிச்சிட்டேன்.

பாஸ் என்பது 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்'. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது. திரையில் தமிழும் வரும். அதன் அடித்தளம், 1993-ல் தொடங்கிய டெபியன். டெபியனுக்குள் இருக்கும் கெர்னலை 1991-ல் எழுத ஆரம்பித்தவர், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவருக்கு வயது 21. அந்த கெர்னலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், மாற்றலாம். பதினேழு வயசுல என் மடியிலேயே இருந்துச்சு. யாரும் சொல்லலை, நானும் தேடலை.

அந்த லேப்டாப் இன்னும் ஓடுது. விண்டோஸ் 11 அதுல ஏறாது. போன மாசம் டெபியன் போட்டேன். மூடியைத் திறந்ததும் வைஃபை தானா பிடிக்குது. எழுத, பாட்டு கேட்க, இந்த எபிசோடுக்குக் குறிப்பெடுக்க, அதுவே போதும். அன்னைக்கு நான் அழிச்சதோட தாய் வீடுதான் இது.