கருவியா, பயிற்சியா? தொங்கு பாதத்துக்கான மின்தூண்டலும் லிபர்சன் கூற்றின் மறுவாசிப்பும்

பக்கவாதத்தால் தொங்கிவிட்ட பாதத்துக்கான துணைக்கருவிகளின் வரலாற்றில் 1961ஐத் திருப்புமுனையாகக் கொள்வது மரபு. விளாடிமிர் லிபர்சனும் உடனாய்வாளர்களும் அவ்வாண்டு வெளியிட்ட ஐந்து பக்கக் கட்டுரை, நடையின் கதிக்கு ஏற்பப் பெரோனியல் நரம்பை மின்சாரத்தால் தூண்டும் முறையை முன்வைத்தது. அந்த முன்னோடித் தகுதியில் ஐயமில்லை. பயிற்சிக்குப் பின் சிலர் கருவியின்றித் தாமே பாதத்தை உயர்த்தினர் என்ற அவரது கூற்றும், அதை நம்பி மின்தூண்டலைப் பயிற்சிமுறையாகவே பின்னோர் கொண்டதுமே ஐயத்துக்குரியவை.

லிபர்சனின் கூற்று அவதானம் என்ற அளவில் நிற்கிறது; ஒப்பீட்டுக் குழு இல்லை. அதை எடைபோட அவரது கருவியிலேயே ஓர் உறுப்பு உதவும்: காலணியின் குதிப்பகுதியில் வைத்த சுவிட்ச். குதிகால் தரையை விட்டதும் மின்னோட்டம் தொடங்கும், பாதம் உயரும். குதிகால் ஊன்றியதும் நிற்கும். பாதம் உயர வேண்டிய கணத்தைத் தீர்மானிப்பது நோயாளியின் முயற்சி அல்ல, காலணி. முயற்சி இல்லாத இடத்தில் கற்றல் நிகழ்ந்தது என்பதற்கு வலுவான சான்று வேண்டும். குதிகாலை எடுத்தவர் நோயாளிதானே, அவரது முனைப்பும் மின்தூண்டலும் ஒரே கணத்தில் இணைவதே கற்றல் ஆகாதா என்று கேட்கலாம். வலுவான கேள்விதான், சுவிட்ச் மட்டும் அதற்கு விடை தராது.

1997இல் பரிட்ஜ் குழுவினர் பக்கவாதம் கண்ட 32 பேரிடம் நடத்திய சோதனை இங்கு முக்கியமானது. இரு பிரிவினருக்கும் பிசியோதெரபி உண்டு. ஒரு பிரிவுக்கு மட்டும் தூண்டி. தூண்டியுடன் நடந்தபோது வேகம் சராசரியாக 20.5 விழுக்காடு கூடியது. தூண்டி இல்லாதபோது அந்த ஆதாயம் இல்லை. கண்ணாடி அணிந்தால் எழுத்து தெரிவது போன்ற பயன் இது.

எதிர்ச்சான்றும் உண்டு. ஸ்டைன் குழுவினரின் 2010 ஆய்வில், நோய் மேன்மேலும் முற்றும் வகையைச் சேராத பிரிவினர் கருவி இல்லாமலும் வேகம் பெற்றனர். ஆனால் அங்கு ஒப்பீட்டுக் குழு இல்லை. தூண்டியையும் ஏ.எஃப்.ஓ. எனும் கணுக்கால் தாங்கியையும் 197 பேரிடம் 30 வாரம் ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டுச் சோதனையில் இரு பிரிவினரும் முன்னேறினர். வேகத்தில் வேறுபாடு இல்லை. தொடர்ந்து நடந்ததே பலன் தந்திருக்கலாம் என்பது என் ஊகம், முடிந்த முடிபன்று.

இவ்விவாதம் மூளைவழிப் பாதிப்புக்கே பொருந்தும். தொழுநோயில் ஃபிபுலா எலும்பின் கழுத்தருகே நரம்பே அழிந்துவிடுவதால் தூண்டுவதற்கு ஏதுமில்லை. 1968இல் சீனிவாசன், முகர்ஜி, சுப்பிரமணியம் ஆகியோர் அத்தகைய பாதத்துக்கு டிபியாலிஸ் போஸ்டீரியர் தசைநாணை இரண்டாகப் பிரித்து முன்புறம் மாற்றும் அறுவையை வெளியிட்டனர். பாதத்தை உள்நோக்கித் திருப்பிவந்த தசை, அறுவைக்குப் பின் அதை உயர்த்தக் கற்றாக வேண்டும். நோயாளி தானே முனைந்து, நாள்தோறும் பழகினால்தான் அது கைகூடும். பயிற்சி என்ற பெயருக்கு முழுத் தகுதி இதற்கே.

மீண்டும் துணைக்கருவிகளுக்கு வருவோம். காலணியோடு பிணைத்த உலோகத் தாங்கியான காலிப்பரைப் பிளாஸ்டிக் தாங்கி எந்த ஆண்டில் ஓரங்கட்டியது என்று ஒற்றைப் புள்ளி வைக்க இயலாது; 1960களின் இறுதியில் தொடங்கி 1970கள் நெடுகிலும் நடந்த மாற்றம் அது. அதற்குப் பின்னும் காலணிச் சார்பு நீங்கவில்லை. தாங்கி நுழையும் அகலம், குதியைப் பற்றும் பின்புறம், கழற்றக்கூடிய உள்தகடு இல்லாத காலணியில் அது பயன்படாது. குதிச் சுவிட்சுக்குப் பதில் காலின் சாய்வை உணரும் தூண்டிகள் வந்த பிறகே, வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடப்பவருக்கும் இத்துணை எட்டியது. இதுவரை கண்ட சான்றுகளின்படி, மின்தூண்டியை உடற்பயிற்சியின் வரிசையில் அல்ல, தாங்கியின் வரிசையில் வைப்பதே பொருத்தம். ஒப்பீட்டுக் குழுவுடன் கூடிய நெடுங்கால ஆய்வு வேறுவிதமாகக் காட்டினால் இவ்வரிசையை மாற்றத் தடையில்லை.