அம்மாளும் அடிகளாரும்: கண்டியின் வழிபாட்டிடங்களில் ஒரு நோயின் வரலாறு

தலதா மாளிகைக்கு எதிரே, சில நிமிட நடையில் கடந்துவிடக்கூடிய நிலத்தில், நாத தேவாலயமும் பத்தினி தேவாலயமும் புனித பவுல் அங்கிலிக்கன் ஆலயமும் அயலவர்போல நிற்கின்றன. சற்றுத் தள்ளி விஷ்ணு தேவாலயம். கொட்டுகொடெல்ல வீதியில், கடைகளுக்கு நடுவே, கதிர்காமத் தேவாலயம். பாடசாலை விட்டதும் பஸ் பிடிக்க ஓடிய நாட்களில் எத்தனை தடவை இவற்றைக் கடந்திருப்போம்! வரலாற்றுப் பாடத்தில் இவற்றைக் கட்டிய அரசர்களின் பெயர்களை மனனம் செய்தோம். சமயபாட வேளை வந்ததும் சைவத்துக்கு ஓர் அறை, கத்தோலிக்கத்துக்கு ஓர் அறை, இஸ்லாத்துக்கு ஓர் அறை என்று பிரிந்து போனோம். அப்படிப் பிரிந்து படித்ததாலோ என்னவோ, இவ்விடங்களையும் தனித்தனி அறைகளாகவே நினைத்துப் பழகிவிட்டோம்.

வைத்தியத் தொழிலுக்கு வந்த பிறகு, விடுதிகளில் தாய்மார் சொல்லும் கதைகளைக் கேட்கக் கேட்க, இவ்வறைகளுக்கு இடையில் ஒரு கதவு இருப்பது தெரிந்தது. அந்தக் கதவு நோய். அதிலும் குறிப்பாக ஒரு நோய், இன்று உலகத்தில் இல்லாத நோய், வைசூரி எனப்பட்ட பெரியம்மை.

பெயர்களிலிருந்தே தொடங்கலாம். தமிழில் வைசூரி, சிங்களத்தில் வசூரிய. நாம் ‘அம்மை’ என்றும் ‘அம்மாள் வந்திருக்கிறா’ என்றும் சொல்வதைச் சிங்களக் கிராமத்தவர் ‘தெய்யன்கே லெட’, அதாவது தெய்வங்களின் நோய் என்கிறார்கள். ‘அம்மாவருன்கே லெட’, தாய்மாரின் நோய் என்றும் சொல்வதுண்டு. நாம் சின்னமுத்து என்று அழைப்பதற்குச் சிங்களத்தில் ‘சரம்ப’ என்று பெயர். அது போர்த்துக்கேயச் சொல்.

நாத தேவாலயம் கண்டி நகரில் எஞ்சியிருக்கும் கட்டடங்களில் மிகப் பழையது. 14ஆம் நூற்றாண்டில், கம்பளை அரசனான மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் கல்லால் கட்டப்பட்டது. அதே நூற்றாண்டில்தான் பேராதனைக்கு அப்பால் கடலாதெனியவும் இலங்காதிலகமும் எழுந்தன. இலங்காதிலகத்தில் முன்பக்கம் புத்தர், அதே கட்டடத்தின் மற்றப் பக்கங்களில் தெய்வங்களுக்கான அறைகள். அங்குள்ள பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் வெட்டப்பட்டிருக்கிறது. எம்பெக்கேயின் மரத்தூண்களைப் பார்க்கும் அவசரத்தில் சுற்றுலா செல்வோர் பெரும்பாலும் தவறவிடும் பாறை அது. அடுத்த முறை போகிறவர்கள் ஒரு பத்து நிமிடம் அதற்கு ஒதுக்குங்கள்.

நாதர் என்பவர் அவலோகிதேசுவர போதிசத்துவர், துயர் கேட்டு இரங்குபவர். சித்திரைப் புத்தாண்டுக்குத் தலையில் வைக்கும் மூலிகைக் கலவையான ‘நானு’ இந்தத் தேவாலயத்தில் தயாரிக்கப்பட்டு விகாரைகளுக்கு அனுப்பப்படுகிறது. அதே நாளில் நம் வீடுகளில் கோயிலிலிருந்து மருத்துநீர் வாங்கிவந்து தலையில் வைத்து நீராடுகிறோம். ஒரே காலை, ஒரே நகரம், இரண்டு பாத்திரங்கள்.

பத்தினி தேவாலயத்துக்கு வருவோம். பத்தினி வேறு யாருமல்லள், கண்ணகிதான். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னன் அங்கிருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கஜபாகு சோழநாட்டுக்குச் சென்று, சிறைப்பட்ட தன் மக்களை மீட்டு, பத்தினியின் சிலம்பையும் கொண்டுவந்தான் என்று இராஜாவலிய சொல்கிறது. இக்கதையை நேரடி வரலாறாக எடுக்க முடியாது, தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறியோரின் நினைவு புராணமாக மாறியிருக்கிறது என்று மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர வாதிட்டார். பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984இல் வெளிவந்த அவரது பெருநூல் இன்றும் இத்துறையில் முதன்மையானது. கதை எப்படியிருந்தாலும், மட்டக்களப்பில் வைகாசியில் குளுத்தி வாங்கும் கண்ணகை அம்மனும் கண்டியில் கப்புராளை விளக்கேற்றும் பத்தினியும் ஒருத்தியே. சிங்களக் கிராமங்களில் தொற்றுநோய் பரவினால் இரு கட்சியாகப் பிரிந்து கொம்புகளைக் கொளுவி இழுக்கும் ‘அங்கெலிய’ ஆடுவார்கள். மட்டக்களப்பில் அதே ஆட்டத்துக்குக் கொம்புமுறி என்று பெயர். அங்கும் நோய் நீங்கவும் மழை பெய்யவுமே ஆடப்பட்டது. எசல பெரஹராவிலும் பத்தினியின் அணி கடைசியாக வருகிறது. பெண்கள் ஆடிச் செல்லும் அணி அது ஒன்றே. பெண்கள் பாடசாலை மலரில் இதை எழுதாமல் விடலாமா?

பெரஹரா என்றாலே புத்தரின் தந்ததாதுவும் யானையும் என்றுதான் இன்று நினைக்கிறோம். ஆதியில் அது நான்கு தேவாலயங்களின் ஊர்வலம். 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலேதான் தந்ததாது அதில் சேர்க்கப்பட்டது. பால்வடியும் மரத்தில் ‘கப்’ நடுவதில் தொடங்கி, கெட்டம்பையில் மகாவலி நீரை வாளால் வெட்டுவது வரை, எல்லாமே மழைக்கும் விளைச்சலுக்கும் நோயின்மைக்குமான சடங்குகள். எல்லாம் முடிந்த பிறகும் விஷ்ணு தேவாலயத்தில் தோஷம் கழிக்க ஏழு நாட்கள் ‘வலியக்’ நடனம் நடக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதற்கு நிற்பதில்லை.

அம்மாள் வந்த வீட்டின் ஒழுங்கு நமக்கெல்லாம் தெரிந்ததே. வாசலில் வேப்பிலை. வெளியார் உள்ளே வரக்கூடாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது. நோயாளிக்குத் தனி இடம், வெள்ளைத் துணி. நாள் எண்ணி, கொப்புளம் காய்ந்த பின், வேப்பிலையும் மஞ்சளும் போட்ட நீரில் தலைக்கு வார்த்தல். சிங்கள வீடுகளில் குணமான பின் ஏழு பெண்களை அழைத்து ‘கிரிஅம்மா’ தானம் கொடுப்பார்கள். நாம் படித்த வைத்திய நூல்களில் இதன் ஒரு பகுதிக்குத் தனிமைப்படுத்தல் என்று பெயர். வேப்பிலையைக் கண்ட அயல் பிள்ளை திரும்பிப் போய்விடும், கிருமி அந்த வாசலோடு நின்றுவிடும். இதன் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. அம்மாள் கோபிப்பாள் என்று மருந்து கொடுக்காமல் விட்ட பிள்ளைகளும் உண்டு. பெரியம்மை கண்டோரில் ஏறத்தாழ 10 பேரில் 3 பேர் இறந்தார்கள். பிழைத்தோர் பலருக்கு முகத்தில் தழும்பு, சிலருக்குக் கண்பார்வை போயிற்று.

அந்த நோய் 1697இல் கண்டி நகரைப் பிடித்தது. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் பரிவாரத்தோடு நகரைவிட்டு வெளியேறினான். வசதியுள்ளோரும் போனார்கள். நோயாளரைக் காட்டோரம் கொண்டுபோய் விட்டுவரும் நிலை ஏற்பட்டது. நகரில் தங்கிய சிலரில் இருவர் கோவாவிலிருந்து வந்த ஒறற்றோரியன் குருமார்: யோசேவாஸ் அடிகளாரும் அவரது உறவினரான கார்வால்யோ அடிகளாரும்.

யோசேவாஸ் 1687இல் இலங்கைக்கு வந்தவர். ஒல்லாந்தர் தங்கள் ஆட்சிப்பகுதியில் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்ததால் ஏழைக் கூலியாளின் கோலத்தில் கரையிறங்கினார். தமிழ் கற்றிருந்தார், பின்னர் சிங்களமும் கற்றார். 1692இல் கண்டிக்கு வந்தபோது ஒற்றன் என்று சந்தேகிக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். அந்த அரசனே பிறகு அவருக்குப் போதிக்கும் உரிமை கொடுத்தான். கிறிஸ்தவ ஒல்லாந்தரிடமிருந்து ஒரு கிறிஸ்தவக் குருவைக் காத்தது பௌத்த அரசு என்பதை நம் சமயபாட அறைகளில் எந்த அறைக்குள் வைப்பது?

வெறிச்சோடிய வீடுகளை அக்குருமார் இருவரும் நோயாளர் மடங்களாக்கினார்கள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள், புண்களைக் கழுவினார்கள், இறந்தோரைப் புதைத்தார்கள். நோயாளி எந்தச் சமயத்தவர் என்று பார்க்கவில்லை. பெரியம்மைக்கு அன்று மருந்து கிடையாது. நீர், கஞ்சி, சுத்தம், கூட ஒரு மனிதர் – இவ்வளவே. இன்றும் மருந்தில்லாத வைரசு நோய்களுக்கு நாம் செய்வதில் பெரும்பகுதி இதுதான், அதற்கு ஆதரவுச் சிகிச்சை என்று பெயர் வைத்திருக்கிறோம். கண்டி வைத்தியசாலைகளின் வரலாற்றை எழுதுவோர் ஆங்கிலேயரிலிருந்து தொடங்குவதுண்டு. நம்மைக் கேட்டால் 1697இலிருந்து தொடங்க வேண்டும் என்போம்.

அடிகளார் 1711 ஜனவரி 16இல் கண்டியிலேயே இறந்து இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். முதலாவது நாயக்க மன்னனான ஸ்ரீ விஜய இராஜசிங்கன் காலத்தில், 1740களில், கத்தோலிக்கக் குருமார் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். கண்டியிலிருந்த அவர்களது ஆலயமும் போயிற்று, அதோடு கல்லறை இருந்த இடமும் மறைந்தது. தவக்காலத்தில் நம் தமிழ்க் கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கத்தை எழுதிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரும் இதே குழுவைச் சேர்ந்தவரே. 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசேவாஸைப் புனிதராக அறிவித்தபோது, கண்டியில் கைவைத்துக் கும்பிட ஒரு கல்லறை இருக்கவில்லை.

1815 மார்ச் 2ஆம் திகதி ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவில் பௌத்த மதத்தையும் அதன் வழிபாட்டிடங்களையும் காப்பதாக ஆங்கிலேயர் வாக்களித்தார்கள். 1843இல் நாத, பத்தினி தேவாலயங்களின் அருகிலேயே செங்கல்லால் புனித பவுல் ஆலயத்தைக் கட்டத் தொடங்கினார்கள். முதலில் அது படையினருக்கான ஆலயம். அக்காலத்து மிஷனரிமாரின் தமிழில் தேவாலயச் சடங்குகளுக்கு ‘அஞ்ஞானம்’ என்று பெயர். அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டு, அருங்காட்சியகத்துக்குப் பின்னாலுள்ள படையினர் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். இளம் வயதுகளாகவே இருக்கும். காய்ச்சல், வாந்திபேதி, மறுபடியும் காய்ச்சல். ஒப்பந்தத்தை வரைந்த ஜோன் டொய்லியும் காய்ச்சலால் 1824இல் இறந்து அங்கேதான் கிடக்கிறார். சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றே மலேரியாவுக்குக் காரணம் என்று ஐரோப்பிய வைத்தியர்கள் அன்று நம்பினார்கள். நுளம்பின் வயிற்றில் ஒட்டுண்ணியை ரொனால்ட் றொஸ் கண்டது 1897இல்தான். அதுவரை யாருடைய ஞானம், யாருடைய அஞ்ஞானம்?

கோப்பித் தோட்டங்கள் தொடங்கியதும் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் வாந்திபேதியாலும் அம்மையாலும் காய்ச்சலாலும் விழுந்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டம்கூட இல்லை. பிற்காலத்தில் மண்டபம் முகாமில் தடுத்துவைத்து அம்மைப்பால் குத்தியே கப்பலேற்றினார்கள். அவர்களோடு மாரியம்மனும் வந்தாள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேரை அறியாதவர் நம்மில் இல்லை. 1983இல் அக்கோயிலும் தப்பவில்லை, ஆனாலும் எழுந்தது. லயத்துக்கு ஒரு மாரியம்மன், மலைக்கு ஒரு முனியாண்டி என்று குடியேற்றினார்கள். கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாளில் கத்தியை வைத்துக் கவ்வாத்துச் சாமி கும்பிட்டார்கள். ஆலைச் சக்கரத்தில் கைபோகாமல் காக்க ரோதைமுனி வந்தார். தென்னிந்தியாவில் தேயிலை ஆலையைக் கண்டிராதவர்கள், கண்ட ஆபத்துக்கு ஏற்ற தெய்வத்தை இங்கே உண்டாக்கிக்கொண்டார்கள். தொழிற்சாலைப் பாதுகாப்புச் சட்டம் எட்டாத இடத்துக்கு ரோதைமுனி எட்டினார் என்று சொன்னால் யாரும் கோபிக்கமாட்டார்கள் என நினைக்கிறோம்.

பசு அம்மைப்பால் இலங்கைக்கு வந்தது 1802இல். 1980 மே 8இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார அமையம் அறிவித்தது. சின்னமுத்து ஊசி 1984இல் நம் அட்டவணையில் சேர்ந்தது. மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் 2016இல் கிடைத்தது. நோய் போய்விட்டது, அம்மாள் போகவில்லை. கொப்புளிப்பானுக்கு இடம் மாறியிருக்கிறாள்.

சில வருடங்களுக்கு முன் ஹந்தானைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் தன் மகளைத் தூக்கிவந்தார். கொப்புளிப்பான் போட்டு ஐந்து நாள். பிள்ளை மேல்மூச்சு வாங்கியது.

“அம்மா வெளையாடுறாங்க டொக்டரம்மா. ஊசி போட்டா கோவிச்சுக்குவாங்கன்னு எங்க மாமியா சொன்னாங்க.”

“அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்க, நாங்க தடுக்கல்ல. வேப்பிலையைத் தலைமாட்டிலயே வைங்க. இப்ப நெஞ்சில சளி கட்டியிருக்கு, அது வேற வருத்தம். அதுக்குத்தான் ஊசி.”

தாய் சற்று யோசித்தார். “அப்ப போடுங்க. தண்ணி ஊத்துறது மட்டும் ஒத்தப்படை நாள்ல இருக்கணும்.” அது நமக்குச் சிரமமில்லை. பதினோராம் நாள் வீட்டில் தண்ணீர் வார்த்தார்கள். அவ்வேளை விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களப் பாட்டி, பத்தினி தேவாலயத்தில் விளக்கேற்றக் காசு முடிந்து வைத்திருந்ததை அந்தத் தாய்க்குக் காட்டினாராம்.

மூடநம்பிக்கை என்று அந்தத் தாயைத் திட்டியிருந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு முன்னூறு வருடத்துப் பயமும் முன்னூறு வருடத்து அனுபவமும் இருக்கின்றன என்பதை வரலாறு படித்த வைத்தியர் மறக்கமாட்டார்.

இம்மலரை வாசிக்கும் மூத்த அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். நம் வயதுக்காரரின் கையில் இருப்பது காசநோய்த் தடுப்பூசியின் ஒரு தழும்பு. உங்கள் கையில் அம்மைப்பால் குத்திய தழும்பும் இருக்கும். அதைக் குத்திய நாள் எப்படியிருந்தது, வீட்டில் என்ன சொன்னார்கள், எந்தக் கோயிலுக்கு அல்லது ஆலயத்துக்கு நேர்ந்தார்கள், மாரியம்மன் தாலாட்டை யார் பாடினார்கள் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். கைநடுங்கினால் பேத்தியிடம் சொல்லி எழுதுவியுங்கள். பாடசாலை நூலகத்தில் அதற்கென ஒரு கோப்பைத் திறந்து வைக்கிறோம்.