முச்சை கட்டத் தெரிந்த பேராசிரியர்

தமிழ் மரபுத் திங்கள் மலருக்கு விஞ்ஞானம் பற்றி ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் பணித்தார்கள். வாழ்நாள் முழுதும் இலக்கியம் கற்பித்தவனிடம் இப்படிக் கேட்கலாமா என்று முதலில் மறுத்தேன். பிறகு, இந்த ரொறன்ரோ நகரிலேயே பிறந்து, படித்து, படிப்பித்து, இங்கேயே கண்மூடிய ஒரு வானூர்தி அறிஞரைப் பற்றி நம் மலர் எதிலும் நான் ஒரு வரி கண்டதில்லையே என்ற எண்ணம் வந்தது. அவர் பேராசிரியர் பேர்னாட் எட்கின்.

வானூர்தி என்றதும் நம் மேடைகளில் புட்பக விமானத்தைக் கிளப்பிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கவிஞன் கண்ட கனவைத் தொழிற்சாலையாக்குவது கனவுக்கும் இழுக்கு, தொழிற்சாலைக்கும் இழுக்கு. ஆனால் அந்தக் கனவுகளைக் கூர்ந்து படிக்க வேண்டும். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குப் பாடிய 27ஆம் புறநானூற்றுப் பாட்டில், செலுத்துவோன் இல்லாமலே வானில் செல்லும் ஊர்தி ஒன்று வருகிறது. கரிகாலனைப் பாடிய வெண்ணிக் குயத்தியாரோ, அவன் முன்னோர் காற்றையே ஏவலாளாக்கிக் கடலில் கலம் ஓட்டியதை 66ஆம் பாட்டில் சொல்கிறார். மண் பிசைந்த குலத்துப் பெண்ணுக்குக் காற்றின் பயன் தெரிந்திருக்கிறது!

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணிக்கு வருவோம். உ.வே.சாமிநாதையர் 1887இல் பதிப்பித்துத் தந்திராவிட்டால் அதில் பறக்கும் மயில் நமக்குக் கிடைத்திராது. அமைச்சன் கட்டியங்காரன் அரண்மனையை வளைத்துவிட்டான். மன்னன் சச்சந்தன் நிறைமாதக் கர்ப்பிணியான விசயையை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். பொறியை வலப்புறம் திருகினால் மேலே ஏறும், இடப்புறம் திருகினால் கீழே இறங்கும். வழியில் பகைவனின் வெற்றி முரசு காதில் விழ, விசயை மயங்குகிறாள். மயில் கவிழவில்லை. மெல்ல இறங்கிச் சுடுகாட்டில் கால் ஊன்றுகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். குண்டுச் சத்தத்துக்கிடையே பிள்ளை சுமந்து புறப்பட்ட தாய்மார் நம் சபையிலேயே இருப்பதால் இந்தக் கதையை நான் மேலும் விரிக்கவில்லை.

நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. ஓட்டுபவரின் கை தளர்ந்தால் ஊர்தி என்ன செய்யும்? தலைகுத்துமா, தானே சமநிலைக்குத் திரும்புமா? தேவர் இதைக் கற்பனையில் ஒரு வரியில் கடந்துவிட்டார். மனிதர் உயிர் கொடுத்துத்தான் கற்க வேண்டியிருந்தது. ஜெர்மானிய அறிஞர் ஒட்டோ லிலியன்தால் பறவைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1889இல் நூல் எழுதி, தாமே செய்த சிறகுகளில் ஏறத்தாழ 2,000 தடவை சறுக்கிப் பறந்தவர். 1896 ஆகஸ்ட் 9ஆம் திகதி அவருடைய சறுக்கு வானூர்தி வானில் நிலைகுலைந்தது. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து மறுநாள் இறந்தார். உடம்பை அசைத்து அசைத்தே அவர் சமநிலை காத்து வந்தார். அன்று அது போதவில்லை.

அந்தச் சமநிலையைக் கணக்காக்கியவர்களின் வரிசையில் எட்கின் வருகிறார். 1918இல் பிறந்தவர், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் 1941இல் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே அங்கு கற்பிக்கத் தொடங்கினார். 1949இல் கோர்டன் பற்றர்சன் தொடங்கிய வான்பௌதிக நிறுவனத்தில் அவரும் ஒரு தூண். இன்று வான்வெளி ஆய்வு நிறுவனம் எனப் பெயர் கொண்டிருக்கும் அது, டஃப்ரின் வீதி 4925ஆம் இலக்கத்தில் இருக்கிறது. நம்மவர் பலர் அந்த வழியால் வேலைக்குப் போகிறார்கள், திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தக் கட்டடத்துக்கு நிறுவனம் குடிபுகுந்தது 1959இல். எட்கினின் 'பறப்பின் இயக்கவியல்' என்ற பாடநூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். மோல்ற்றனில் உருவான அவ்ரோ அரோ விமானத்தை அரசு கைவிட, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து, திறமைசாலிகள் சிலர் நாசாவுக்குப் போனதும் அந்த 1959இல்தான். எட்கின் இங்கேயே இருந்தார்.

அவருடைய கலையை நம் வழியில் சொல்வதானால் வல்வெட்டித்துறைக்குப் போகவேண்டும். தைப்பொங்கல் அன்று கடற்கரையில் விண் என்னும் ஒலிக்கும் நாண் பூட்டிய பட்டங்கள் இரைந்துகொண்டு நிற்கும். பட்டம் நிற்பது அதில் கட்டும் மூன்று நூல்களாலான முச்சையால். மூன்று நூல்களும் சந்திக்கும் முடிச்சு ஒரு விரல் பிசகினாலும் பட்டம் கிளம்பாது, அல்லது சுழன்று குத்தும். வால் கனத்தால் எழாது, குறைந்தால் ஆடும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எழுதுகோல் எடுக்காமல் விரலால் அளந்து முச்சை கட்டினார்கள். விமானத்துக்கு நூலும் இல்லை, முச்சையும் இல்லை. அதன் எடைமையம் எங்கே விழுகிறது, வால் எவ்வளவு தூரத்தில் எவ்வளவு பரப்போடு இருக்கிறது என்பவையே அதற்கு முச்சை. எடைமையம் ஓர் எல்லைக்கு முன்னால் இருந்தால், எதிர்க்காற்று மூக்கைத் தூக்கினாலும் வால் அதைத் தாழ்த்திவிடும். எல்லைக்குப் பின்னால் போனால், தூக்கியது மேலும் தூக்கும். அந்த எல்லையைச் சமன்பாடுகளால் காட்டி மாணவர் தலைமுறைகளுக்குக் கற்பித்தவர் எட்கின்.

இனி, எட்கினின் கணக்கு கைகொடுத்த அப்பலோ-13 நிலவுப் பயணம். 1970 ஏப்ரல் 13ஆம் திகதி, பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீற்றருக்கும் அப்பால், ஒட்சிசன் தாங்கி வெடித்தது. விண்வெளி வீரர்கள் லவல், ஸ்விகேர்ட், ஹெய்ஸ் மூவரும் நிலவில் இறங்கவிருந்த சிறு கலத்தையே தோணியாக்கித் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வளிமண்டலத்துக்குள் நுழையுமுன் அந்தத் தோணியைக் கழற்றியாக வேண்டும். வழக்கமாகச் சேவைக்கலத்தின் சிறு உந்துபொறிகள் பிரிக்க உதவும். அதுவோ பழுதாகி முன்னரே கழற்றப்படவிருந்தது. தோணிக்கும் வீரர்கள் பூமியில் இறங்கவிருந்த கட்டளைக்கலத்துக்கும் இடையிலிருந்த சுரங்க வழியில் காற்றை அடைத்து, அந்த அழுத்தத்தால் தள்ளிவிடுவதே வழி. அழுத்தம் கூடினால் வாயிற்கதவு பழுதாகலாம். குறைந்தால் தோணி விலகாமல் அருகிலேயே மிதந்து மோதலாம். சரியான அளவு என்ன? தோணியைச் செய்த கிரம்மன் நிறுவனத்திலிருந்து கேள்வி ரொறன்ரோவுக்கு வந்தது. எட்கின் உட்பட ஆறு பேர் ஸ்லைட் ரூலோடு உட்கார்ந்தார்கள். சில மணி நேரத்தில் விடை போயிற்று. ஏப்ரல் 17ஆம் திகதி மூவரும் பசிபிக் கடலில் பத்திரமாக இறங்கினார்கள்.

குயத்தியார் கடலில் கண்ட ஏவலாளை, இவர்கள் ஓர் ஒடுங்கிய குழாயில் அடைத்து வேலை வாங்கினார்கள். நல்லூர்க் கந்தனின் கருணையும் இருந்திருக்கும் என்பது என் நம்பிக்கை; கணக்கும் பிழைக்கவில்லை.

எட்கின் 1973 முதல் 1979 வரை பொறியியற் பீடாதிபதியாக இருந்தார். 2014இல், 96ஆம் வயதில் மறைந்தார்.

எட்கின் தம் கலையை நூலாக்கி வைத்துச் சென்றார். நம் கதை என்ன? ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு முப்பது லட்சம் டொலர் திரட்டிக் காட்டிய சமூகம் இது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைத் தாண்டி அமெரிக்கா சேர்ந்ததைப் பெருமையாகச் சொல்லும் சமூகமும் இதுதான். அந்தக் கப்பலைக் கட்டியவர்கள் பேசிய தொழிற்சொற்களில் எத்தனை நம்மிடம் எழுத்தில் இருக்கின்றன? முச்சை, விண், படலம், கொக்கு, எட்டுமூலை என்று பட்டச் சொற்களைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இருக்கிறார்கள். பொறியியல் படிக்கும் பேரப்பிள்ளைகளே, இந்தப் பொங்கலுக்கு அவர்கள் பக்கத்தில் ஒரு கொப்பியோடு உட்காருங்கள். முச்சை கட்டும் முறையைப் படம் வரைந்து, ஒவ்வொரு நூலுக்கும் அவர்கள் சொல்லும் பெயரைக் குறித்து, அடுத்த ஆண்டு மலருக்கு அனுப்பிவையுங்கள்.