காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், பெங்களூரு

பாலிசிதாரருக்கும் காப்பீட்டு நிறுவனம், முகவர், தரகர் ஆகியோருக்கும் இடையே எழும் விவகாரங்களை நீதிமன்றத்துக்கு வெளியே கட்டணமின்றி விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்; ஜே.பி. நகர் ஜீவன் சௌதாவில் இயங்கும் பெங்களூரு அலுவலகத்தின் அதிகார எல்லை கர்நாடகம் ஆகும். 1998 விதிகளால் தோன்றி, 2017 விதிகளால் புனரமைக்கப்பட்ட இவ்வமைப்பின் அதிகாரம், 2021 திருத்தத்தால் தரகர்கள் மீதும் விரிந்தது.

முகவர் நிறுவனத்தின் பிரதிநிதி. தரகரோ வாடிக்கையாளரின் பிரதிநிதி. எனினும் முகவரின் ஒவ்வொரு செயலும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. பிரீமியம் வசூலிக்க அதிகாரமற்ற ஆயுள் காப்பீட்டுக் கழக முகவரிடம் பாலிசிதாரர் கொடுத்த தொகை, அவர் விபத்தில் இறந்தபின்னரே கழகத்தைச் சேர்ந்தமையால், பாலிசி காலாவதியானதே என்று ஹர்ஷத் ஷா வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பத்தாருக்குக் கொடிதாயினும், இவ்விஷயத்தில் தலையாய முன்னுதாரணம் இதுவே. ஆனால் ஊதியத்திலிருந்து பிரீமியம் பிடித்தம் செய்யும் திட்டத்தில், முதலாளியே கழகத்தின் முகவர் ஸ்தானத்தில் இருப்பதாக 1999இல் பாசந்தி தேவி வழக்கில் அந்நீதிமன்றமே கூறியது.

முகவர் பூர்த்தி செய்த முன்மொழிவுப் படிவத்தில் நோய் மறைக்கப்பட்டதென்னும் ஆட்சேபமும் அடிக்கடி எழுவதாகும். காப்பீட்டுச் சட்டம் 1938இன் 45ஆம் பிரிவின்படி, 3 ஆண்டுகள் கடந்த ஆயுள் பாலிசியை எக்காரணத்தாலும் ஆட்சேபிக்க இயலாது.

புகாரை முதலில் நிறுவனத்திடமே சமர்ப்பித்தல் வேண்டும். அது நிராகரிக்கப்பட்டாலோ, ஒரு மாதத்துக்குள் பதில் கிட்டாவிடினோ, ஓராண்டுக்குள் குறைதீர்ப்பாளரை நாடலாம்.